நெஞ்சுச் சதை தொண்டைக்கு வரும் வழி

தொண்டைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று, ரத்தம் கொடுக்க ஆளும் ஏற்பாடு பண்ணியாயிற்று. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் பல குடும்பங்களுக்கு இரண்டாவது சேதி தெரியவருகிறது. கட்டியை எடுத்த இடத்தில், நோயாளியின் நெஞ்சிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைக்கப் போகிறார்கள். "நோவு கழுத்துல. நெஞ்சை எதுக்குங்க கிழிக்கணும்?" என்ற கேள்வி உடனே வரும். இதை அழகு சமாசாரம் என்று எடுத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இந்த வயசுல அதெல்லாம் வேண்டாம் சார், கட்டிய மட்டும் எடுத்துடுங்க" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்த முடியாது என்பதற்கான காரணம் தொண்டையின் அமைப்பிலேயே இருக்கிறது.

முன்பக்கம் குரல்வளை, அதன் கீழே மூச்சுக்குழாய். பின்பக்கம் சோறும் எச்சிலும் இறங்கும் கீழ்த்தொண்டை, அது முடிகிற இடத்தில் உணவுக்குழாய். இரண்டையும் பிரிப்பது மெல்லிய ஒரு சுவர்தான். குரல்வளையை முழுதாக எடுக்கும்போது மூச்சுக்குழாயின் நுனியைக் கழுத்தின் அடியில், காறை எலும்புக்கு நடுவே மேலாக, தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இனி ஆயுளுக்கும் மூச்சு அந்த ஓட்டை வழியாகத்தான். மூச்சுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. தீராமல் நிற்பது சோற்றுப் பாதை.

குரல்வளை போனதும் கீழ்த்தொண்டையின் முன்சுவர் திறந்து கிடக்கும். மிஞ்சிய சளிச்சவ்வு அகலமாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்துக் குழாயாக்கிவிடலாம். அவர்களுக்கு வேறு சதையே தேவைப்படாது. சவ்வு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பட்டையாக மட்டும் மிஞ்சினால், இழுத்துத் தைத்த பாதையில் கஞ்சி இறங்குவதே கஷ்டம். கட்டி சுற்றிலும் படர்ந்திருந்தால் அந்தப் பட்டையும் இருக்காது. முழுக் குழாயையும் புதிதாகச் செய்தாக வேண்டும். மூன்று சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குழாய் சுருட்ட ஒன்பதரை சென்டிமீட்டர் அகலத் தோல் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கு. அந்த அகலத்துக்குக் கழுத்தில் தோல் கிடையாது.

இன்னொரு சிக்கல் எச்சில். வாயில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை ஊறுகிறது. நாம் விழுங்குவதே நமக்குத் தெரியாது. தொண்டைக்குள் போட்ட தையல் ஓரிடத்தில் விட்டால் அந்த எச்சில் கழுத்துக்குள் கசியும், கிருமியோடும் செரிமான நொதியோடும். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. எச்சில் அதன் மேல் நாள்கணக்கில் நின்றால் தமனிச் சுவர் அரித்து உடையக்கூடும். உடைந்தால் ஆளைக் காப்பாற்றக் கிடைப்பது நிமிடங்கள்தான். ஆகவே மறுசீரமைப்புக்கு வேலை இரண்டு: சோற்றுக்கு ஒரு பாதை, தமனிக்கு ஒரு மூடாக்கு. முகத்தோற்றம் அதற்கப்புறம்.

ஏற்கெனவே 'கரண்ட் வைத்த', அதாவது கதிர்வீச்சு கொடுத்த, கழுத்தானால் இன்னும் மோசம். கதிர்வீச்சு கட்டியைச் சுடும்போது சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களையும் அடைத்துவிடுகிறது. அந்தத் தோல் கடைமடை வயல். ஆற்றில் தண்ணீர் போனாலும் அங்கே ஏறாது. அதில் போட்ட தையல் சீக்கிரம் ஆறாது, வெறும் தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டினாலும் பிடிக்காது. தன் வாய்க்காலைத் தானே கொண்டுவரும் சதைதான் அங்கே பிழைக்கும். அதாவது ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்த தோலும் தசையும். ஃபிளாப் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான்.

எல்லாருக்கும் குரல்வளையை எடுக்கிறார்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆரம்பக் கட்டத்தில் வந்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ குரலோடு குணமாக வாய்ப்பு அதிகம். ஓரளவு முற்றியதற்குக்கூட, கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பலருக்குக் குரல்வளையைக் காப்பாற்ற முடியும் என்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. குருத்தெலும்பை அரித்து வெளியே வந்த கட்டி, கரண்ட் வைத்தும் திரும்ப வந்த கட்டி, உணவு மூச்சுக்குழாயில் இறங்கிக்கொண்டே இருக்கும் அளவுக்குக் கெட்டுப்போன குரல்வளை: இவற்றுக்குத்தான் கத்தி. நம் நாட்டில் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுவதால், கத்தி தேவைப்படுகிறவர்கள் இங்கே நிறைய.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்த முதல் அறுவை 1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் நடந்தது. செய்தவர் தியோடர் பில்ரோத். எடுப்பதற்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது. அடைப்பதற்கு நல்ல வழி கிடைக்க மேலும் நூறு வருஷம் ஆயிற்று. 1965-ல் பகாம்ஜியான் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மேல்நெஞ்சுத் தோலைப் பட்டையாக எடுத்துக் கழுத்துக்குள் சுருட்டிக் குழாயாக்கினார். அது இரண்டு கட்ட வேலை. முதல் ஆபரேஷனுக்கும் இரண்டாவதுக்கும் இடையே வாரக்கணக்கில் எச்சில் கழுத்து வழியாக வடிந்துகொண்டிருக்கும், துணி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1979-ல் ஸ்டீபன் அரியன் நெஞ்சின் பெரிய தசையையே தோலோடு சேர்த்துத் திருப்பும் முறையை எழுதினார். ஒரே ஆபரேஷன், ஒரே நாள். உலகம் முழுக்க அது பரவியது, இன்றும் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதிகம் கைகொடுப்பது அதுவே.

செய்முறை இப்படி. மார்புக் காம்புக்கு உள்பக்கமாக, தேவையான அளவுக்குத் தோலில் கோடு போட்டு வெட்டுகிறார்கள். தோலைத் தசையிலிருந்து பிரிப்பதில்லை. தசையோடு சேர்த்து விலா எலும்பிலிருந்து தூக்குகிறார்கள். காறை எலும்புக்குக் கீழேயிருந்து இறங்கும் ஒரு தமனி அந்தத் தசையின் அடியில் ஓடுகிறது. அதை மட்டும் அறுக்காமல், அதையே அச்சாக வைத்துச் சதையை மேலே திருப்பி, கழுத்துத் தோலுக்கு அடியில் குடைந்த வழியாக நுழைத்து, தொண்டைக்குக் கொண்டுவந்து தைக்கிறார்கள். நெஞ்சுத் தோல் இப்போது தொண்டையின் உள்சுவர். அதன் பின்னால் வரும் தசை பெருந்தமனியை மூடிப் படுத்துக்கொள்கிறது. நெஞ்சில் ஏற்பட்ட பள்ளத்தை அங்கேயே இழுத்துத் தைத்துவிடலாம். பழகிய கைக்கு இந்தக் கூடுதல் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். மைக்ராஸ்கோப் தேவையில்லை.

டாக்டர்கள் முன்கூட்டிச் சொல்ல மறக்கும் ஒரு சங்கதி உண்டு. ஆண்களின் நெஞ்சுத் தோலில் முடி இருக்கும். தொண்டைக்குள் போன பிறகும் அது வளரும். சாப்பிடும்போது ஏதோ சிக்குகிறது என்று வருகிறவரின் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் அங்கே நெஞ்சு முடி நிற்கும். பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் தெரியாமல் கண்டுபிடிக்கிறவர் கட்டி திரும்பிவிட்டது என்றே பயந்துபோவார். கழுத்தில் காறை எலும்பு மேல் ஒரு மேடு தெரியும். அது தசை புரண்டு வந்த வழி. சில மாதங்களில் தானாக வற்றும்.

இதற்குக் குறைகளும் உண்டு. சதை தடிப்பு. பாதிச் சுவரை அடைக்க நல்லது, முழுக் குழாயாகச் சுருட்ட முரண்டு பிடிக்கும். பெண்களுக்கு மார்பகக் கொழுப்பும் சேர்ந்து இன்னும் தடிக்கும். காவிரி டெல்டாவில் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குரல்வளைக்கு நேர் பின்னால் வரும் ஒரு வகைக் கீழ்த்தொண்டைப் புற்றுநோய்க்கும், நீண்டகால இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. அது புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் வரும். ரத்தசோகையோடு நாற்று நடும் அம்மாக்கள் 'சோறு அடைக்குது' என்று சொன்னால் அதை வாய்வு என்று தள்ளிவிடுவது தவறு. அந்தக் கட்டி சுற்றிப் படரும் சுபாவமுள்ளது, ஆகவே முழுக் குழாய் தேவைப்படும்.

முழுக் குழாய்க்கு வேறு வழிகள் உள்ளன. கட்டி உணவுக்குழாய்க்குள் நெடுக இறங்கியிருந்தால் உணவுக்குழாயையே எடுத்துவிட்டு, இரைப்பையை மார்புக்குள் வழியாக மேலே இழுத்துத் தொண்டையோடு தைப்பார்கள். 1960-ல் ஹாங்காங்கில் ஓங், லீ என்ற இரு மருத்துவர்கள் காட்டிய வழி அது. வயிறு, மார்பு, கழுத்து மூன்றையும் தொடும் பெரிய ஆபரேஷன். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து வைப்பது இன்னொன்று. அது ஏற்கெனவே குழாய்தான். சளி சுரக்கும், ஆகவே விழுங்க வழுக்கும், பேசினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். இப்போது பல மையங்களில் அதிகம் விரும்புவது தொடையின் வெளிப்பக்கத் தோல். 1984-ல் சீன மருத்துவர்கள் விவரித்தது. முன்கையின் உள்பக்கத் தோலும் மெல்லியது, நன்றாகச் சுருளும்.

தொடைத் தோலும் கைத் தோலும் நெஞ்சுச் சதை மாதிரி ஒட்டிக்கொண்டே வர முடியாது. ரத்தக் குழாயை அங்கே அறுத்து, கழுத்தில் உள்ள தமனியோடும் சிரையோடும் மைக்ராஸ்கோப் அடியில் தைக்க வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குழாய், தலைமுடியைவிட மெல்லிய நூல். பழகிய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கிறது. பிழைக்காதவை பெரும்பாலும் முதல் மூன்று நாளில் கெடும். அந்த மூன்று நாளும் இரவில் நர்ஸ் மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். தோல் வெளுத்தால் உள்ளே வரும் ரத்தம் நின்றுவிட்டது, நீலம் பாய்ந்தால் வெளியே போகும் ரத்தம் தேங்கிவிட்டது. ஊசி முனையால் குத்துவார்கள். பளிச்சென்ற சிவப்பில் ஒரு சொட்டு வந்தால் நிம்மதி. கரும் ரத்தம் குபுகுபுவென்று வந்தால் நடு ராத்திரியானாலும் தியேட்டரைத் திறந்தாக வேண்டும். குழாய் முழுக்கத் தொண்டைக்குள் புதைந்துபோவதால், பார்ப்பதற்கென்றே சின்னத் துண்டு ஒன்றை வெளியே விட்டுவைப்பதும் உண்டு. துணைக்கு இருப்பவர்கள் 'ராத்திரி முழுக்கத் தூங்கவிடாம ஊசி குத்துறாங்க' என்று சண்டைக்குப் போகாமல் இருக்க இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மைக்ராஸ்கோப் ஆபரேஷன் உசத்தி, நெஞ்சுச் சதை பழைய காலத்து ஏழை வைத்தியம் என்ற பேச்சு இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்படுகிறவர்களுக்கு அதை ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. பிந்தினால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். கழுத்தில் எச்சில் கசிந்துகொண்டிருந்தால் தொடங்க முடியாது. இரவுக் காவலுக்கு ஆளும், மறுபடி திறக்கத் தயாராகக் குழுவும் இல்லாத இடத்தில் செய்யும் நுண் அறுவையைவிட, அடக்கமாக ஆறிவிடும் நெஞ்சுச் சதை நோயாளிக்கு நூறு மடங்கு நல்லது. கரண்ட் வைத்த கழுத்தில் தொண்டைத் தையல் சரியாகப் போட்ட பிறகும்கூட, மேலே ஒரு அடுக்கு நெஞ்சுத் தசையை விரித்து வைத்தால் கசிவு கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. முழுக் குழாய் வேண்டும் என்றால் மட்டும், நுண் அறுவை தினசரி நடக்கும் இடத்துக்குப் பயணப்படுவது வீண் அலைச்சல் ஆகாது.

சதையை எங்கிருந்து எடுப்பது என்ற முடிவில் நோயாளியின் தொழிலுக்கும் இடம் வேண்டும். திருபுவனத்தில் தறியில் உட்காருகிறவர், சுவாமிமலையில் மெழுகில் விரல் வைத்து உருவம் பிடிக்கிறவர், தவில்காரர் ஆகியோருக்கு முன்கையில் வரும் மரமரப்பும் இறுக்கமும் சின்ன விஷயம் இல்லை. எடுக்கத்தான் வேண்டும் என்றால் பழக்கமில்லாத கையில் எடுக்கச் சொல்லலாம். அந்தக் கையில் ஊசியோ டிரிப்போ ஏற்றாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவருக்குக் கதை வேறு. நோய் பரவும் நெறிக்கட்டிகளைக் கழுத்தில் எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பும் சில சமயம் போகும். அப்படியானால் கை தோள் உயரத்துக்கு மேல் எழாது. அதே பக்கம் நெஞ்சுத் தசையும் போனால் சுமை வேலை முடிந்தது. போதாக்குறைக்கு, குரல்வளை இல்லாதவரால் மூச்சை அடக்கி முக்க முடியாது. மூட்டைக்குத் தம் கட்டுவது அந்த அடக்கத்தில்தான். நரம்பைக் காப்பாற்ற முடியுமா, எந்தப் பக்கம் எடுப்பீர்கள், தோளுக்கு என்ன பயிற்சி என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்பதில் தப்பே இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு டியூபில்தான் சாப்பாடு. கரண்ட் வைக்காத கழுத்துக்கு ஒரு வாரம், பத்து நாள். வைத்ததற்கு இரண்டு வாரம்கூட ஆகும். சத்துமாவுக் கஞ்சி, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பால், அடித்து வடிகட்டிய முட்டை என்று மணிக்கணக்குப் பார்த்து ஏற்றுவார்கள். பிறகு நீலச் சாயம் கலந்த தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கழுத்துக் கட்டில் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பதும், மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. கசிவு இல்லையென்று உறுதியான பின்புதான் வாய் வழியாகச் சாப்பாடு. இந்த நாட்களில் 'ஒரு வாய்தானே' என்று பாசத்தில் காப்பி ஊற்றிவிடுகிற உறவினரால் வருகிற கெடுதல் கொஞ்சமல்ல.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு, புற்றுநோய் அறுவையும் கதிர்வீச்சும் அதில் வரும். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில், சதை வைக்கும் அறுவைக்கும், பிறகு பேசுவதற்காக வைக்கும் குரல் வால்வுக்கும் சேர்த்து அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பஸ்ஸுக்கும், உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், கதிர்வீச்சுக்காக ஆறு வாரம் தங்குவதற்கும் ஆகும் செலவை எந்த அட்டையும் தராது. நிலத்தை ஒத்திக்கு வைப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

குரல் திரும்புமா? திரும்பும், வேறு உருவத்தில். 1980-ல் சிங்கர், பிளாம் என்ற இரு அமெரிக்கர்கள் காட்டிய வழியில், மூச்சுக்குழாய்க்கும் உணவுப் பாதைக்கும் நடுவே சின்னத் துளையிட்டு ஒருவழி வால்வு ஒன்றை வைக்கிறார்கள். கழுத்து ஓட்டையை விரலால் மூடி மூச்சை விட்டால் காற்று தொண்டைக்குள் போய் அதன் சுவரை அதிரவைக்கும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் பேச்சாக்கும். தன் சவ்விலேயே தைத்த தொண்டை இதில் நன்றாக அதிரும், நெஞ்சுச் சதை கொஞ்சம் மந்தமாக. வெளிநாட்டு வால்வின் விலை பல்லாயிரம் ரூபாய், சில மாதங்களுக்கொரு தடவை மாற்றவும் வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் விஷால் ராவ் மிகக் குறைந்த விலையில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கினார். கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவியும் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனால் கடைத்தெருவில் காரியம் நடக்கும்.

நாகஸ்வரம் மட்டும் முடியாது. நுரையீரல் காற்று வாய்க்கு வராது, சீவாளிக்கு மூச்சு எங்கிருந்து? வாசனையும் போய்விடும், மூக்கு வழியாகக் காற்று போவதில்லை என்பதால். கும்பகோணத்துக்காரருக்குக் காப்பி வாசனை இல்லாத காலை என்ன காலை! இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. உதட்டை மூடியபடி தாடையை இறக்கிக் கொட்டாவி விடுவதுபோல் செய்தால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று இழுபடும். பழகியவர்களில் பலருக்கு மணம் திரும்பியிருக்கிறது. சிலிண்டர் கசிவு தெரியவேண்டிய வீட்டில் இது வெறும் சுகத்துக்கு மட்டுமான விஷயம் இல்லை.

ஆற்றுக் குளியல்தான் பெரிய இழப்பு. கழுத்து ஓட்டைக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்கு. முழங்கால் தண்ணீரில் நின்று சொம்பால் ஊற்றிக்கொள்ளலாம், அதுவும் ஓட்டைக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு. மூழ்கக் கூடாது. ஐப்பசிக் கடைமுகத்துக்கு மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் முழுக்குப் போடுகிறவரும், 2028 மகாமகத்துக்கு இப்போதே நாள் எண்ணுகிறவரும் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்த வேண்டியதுதான். மதகில் கால் வழுக்கினால் நீச்சல் தெரிந்தவரும் பிழைப்பது கஷ்டம். தூசியும் அப்படித்தான். மூக்கு செய்துவந்த வடிகட்டும், ஈரப்படுத்தும் வேலையை இனி ஒரு துணியோ வடிகட்டி மூடியோ செய்ய வேண்டும். அறுவடை மிஷின் ஓடும் வயலிலும் நெல் தூற்றும் களத்திலும் அது இல்லாமல் நின்றால் சளி காய்ந்து கட்டியாகி ஓட்டையையே அடைக்கும்.

காரணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். பீடி, சிகரெட், சாராயம். புகைப்பதும் குடிப்பதும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். அதோடு போகும் சீவலை, அதாவது பாக்கை, புகையிலை இல்லாமலே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் பதிப்பித்த அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. அது பெரும்பாலும் வாயைத் தாக்கும். புகையிலை சேர்ந்தால் தொண்டையும் தப்பாது. மூன்று வாரம் தாண்டிய கரகரப்பு, விழுங்கினால் ஒரு பக்கக் காதில் வலி, வலிக்காத கழுத்துக் கட்டி என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால் 'கத்தி பட்டுப் பரவிடும்' என்று பயந்து ஓடுகிறவர்கள்தான், பிறகு நெஞ்சுச் சதை தேவைப்படும் கட்டத்தில் வந்து நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மறக்கக் கூடாதவை: தைராய்டு ரத்தப் பரிசோதனை (கரண்டிலும் அறுவையிலும் அது சுணங்கிப் போகும், ஆளைச் சோர்வாக்கும்), முதல் இரண்டு வருஷம் தவறாத செக்கப், சட்டைப் பையில் ஒரு அட்டை. அந்த அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டியது, 'நான் கழுத்து வழியாக மூச்சு விடுபவர்' என்பது. மயங்கி விழுந்தவருக்குப் பழக்கத்தில் மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் வைத்துவிடுவார்கள், அது நுரையீரலுக்குப் போய்ச் சேராது. 108 வந்ததும் வீட்டார் முதலில் சொல்ல வேண்டியது, மாஸ்க்கைக் கழுத்து ஓட்டை மேல் வையுங்கள் என்று.